நிரப்பி வரைந்த வயிறு

ஜெயசீலியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். ஈரோடு பெருந்துறை ரோட்டில் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் நான் குடல் அறுவை மருத்துவன். பெயர் குமரவேல். ஜெயசீலி ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு ‘சாப்பாட்டு டாக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான்.

காரணம் இருந்தது. படத்தைத் திறப்பதற்கு முன்னால் அவர் வார்டுக்குப் போன் போடுவார். நோயாளி கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு, சாப்பிட்டதும் படுத்தாரா நடந்தாரா என்று கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி விசாரிப்பார். காலில் அடிபட்டு வந்தவரிடமும் கேட்பார். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் அறுபது படத்துக்குக் கையெழுத்துப் போடும்போது இவர் பத்தைத் தாண்டமாட்டார். நிர்வாகம் மூன்று முறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. மூன்றையும் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியின் சாப்பாட்டை விசாரிக்கப் போய்விட்டார்.

படங்களை அப்போதே இயந்திரம்தான் படித்தது. மனிதர்கள் போடுவது சட்டத்துக்கான கையெழுத்து மட்டும். அந்த இயந்திரத்தை நாங்கள் ‘நிரப்பி’ என்போம். பழைய ஸ்கேனில் உடம்பில் பாய்ச்சிய கதிரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பாய்ச்சி, மீதியைத் தன் அறிவால் நிரப்பி முழுப் படமாக்கித் தரும். கர்ப்பிணிகளுக்கும் தயங்காமல் எடுக்கலாம் என்பது அதன் பெருமை. அது தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. மனிதர்கள் செய்து நிறையப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. அதனால் எனக்கு அதன்மேல் மரியாதை இருந்தது.

நலக்கோப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்குப் பிறந்ததிலிருந்து போட்ட ஊசி, எடுத்த படம், செய்த அறுவை எல்லாம் அதில் இருக்கும். அரசாங்கம் அதை வைத்தியத்துக்காகக் கொண்டுவந்தது. நம் ஜனங்கள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜாதகத்தோடு நலக்கோப்பையும் மாற்றிக்கொள்வது சில வருடங்களிலேயே வழக்கமாகிவிட்டது. தரகர்கள் அதற்கு ‘உடம்பு ஜாதகம்’ என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரை உண்டா, கர்ப்பப்பையில் கட்டி உண்டா, பத்தாவது படிக்கும்போது மனநல மருத்துவரிடம் போனாளா என்று மாப்பிள்ளை வீட்டில் காபி குடித்துக்கொண்டே படித்தார்கள். பல பெண்களின் வாழ்க்கை பாழானபிறகு ஒரு சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் தன் கோப்பில் எந்தப் பக்கத்தையும் மூடி முத்திரை வைக்கலாம். அப்படி ஒரு பக்கம் இருப்பதே பிறகு யாருக்கும் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. நல்ல சட்டம்தான். அதற்காகப் போராடியவர்களை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பிரகதியைக் கூட்டி வந்தார்கள். இருபத்தெட்டு வயது, ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. அன்று காலைதான் வளைகாப்பு. பட்டுப்புடவையும் கை நிறையக் கண்ணாடி வளையலும் கன்னத்தில் பூசிய சந்தனமுமாக அப்படியே வந்திருந்தாள். மேல்வயிற்றில் இடது பக்கம் வலி. வந்து வந்து போகிறது என்றாள். கூடவே கணவன் தருண், மாமியார் சுகன்யா, அம்மா கிருத்திகா மூவரும் நின்றார்கள்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. தழும்பு எதுவும் கண்ணில் படவில்லை.

“இதுக்கு முன்னால வயித்துல ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்காம்மா?” என்று பிரகதியைக் கேட்டேன்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. “ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். காது குத்துனதோட சரி.”

பிரகதி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாந்தி?”

“ஓங்கரிக்கிறா சார். ஒண்ணும் வெளிய வரலை,” என்றான் தருண்.

ஸ்கேன் எடுத்து நாலு நிமிடத்தில் நிரப்பியின் அறிக்கை வந்தது. இரைப்பை இயல்பு, குடலில் அடைப்பு இல்லை, கர்ப்பகால அஜீரணமாக இருக்கலாம், உறுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. படமும் பாடப்புத்தகத்தில் போடும்படி அழகாக இருந்தது. அதற்குள் வலியும் அடங்கியிருந்தது. “வளைகாப்புன்னா ஊட்டுறதையெல்லாம் வாங்கிக்கோணும்னு இல்லைம்மா. உள்ள இருக்கிற ஆளுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வை,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிரகதியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் எனக்கு என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

ஐந்து நிமிடம் இருக்கும், மாடியிலிருந்து ஜெயசீலி போனில் கூப்பிட்டார்.

“குமரவேல் சார், அந்த வளைகாப்புப் பொண்ணு எங்க?”

“வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன் மேடம். நிரப்பி ஒண்ணுமில்லைன்னு சொல்லுச்சே.”

“போயாச்சா?”

“அவங்க வீட்டுக்காரர் இப்பத்தான் காரை எடுக்கப் போனாரு.”

போனை வைத்துவிட்டார். முழங்கால் வலியால் லிப்டைத் தவிர வேறு எதிலும் ஏறாத, இறங்காத ஜெயசீலி, மாடிப்படியில் ஓடி இறங்கி, வாசலில் நகரத் தொடங்கிய காருக்கு முன்னால் போய் நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூச்சு வாங்கியது அவருக்கு. படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை எடுக்கவேண்டும் என்று தருணிடம் சொல்லிப் பிரகதியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு என்னை மேலே வரச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் நோயாளியை என்னைக் கேட்காமல் தடுத்து நிறுத்த இவர் யார் என்று முனகிக்கொண்டேதான் போனேன்.

அவர் அறையில் இரண்டு திரைகள். ஒன்றில் நிரப்பியின் படம் இருந்தது.

“படத்தைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவ வீட்டுக்காரர்கிட்ட என்ன சாப்பிட்டான்னு கேட்டேன்,” என்றார். “ஒவ்வொண்ணா எண்ணிச் சொன்னாரு. புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை, தக்காளி, தயிர்சாதம், கடைசியா சர்க்கரைப் பொங்கல். பதினொன்றரைக்கு ஆரம்பிச்சு ஒரு மணி வரைக்கும் ஆளாளுக்கு ஊட்டியிருக்காங்க. படம் எடுத்தது ரெண்டேகாலுக்கு. இந்த இரைப்பையைப் பாருங்க. இதுல சோறு எங்க?”

பார்த்தேன். கொஞ்சம் நீர், கொஞ்சம் காற்று. ஒரு பருக்கை இல்லை.

“சீக்கிரம் இறங்கியிருக்கும்,” என்றேன்.

“மாசமா இருக்கிறவங்களுக்கு இறங்குறதே மெதுவா. வாந்தியும் எடுக்கலை. சோறு இருக்கு சார், ஆனா இங்க இருக்கு.” திரையில் இடது பக்கத்தைத் தொட்டார். சில குடல் வளையங்கள் சோறும் நீருமாக லேசாக உப்பியிருந்தன. கருப்பை தள்ளுவதால் என்று நிரப்பி அதற்கு ஒரு சமாதானம் எழுதியிருந்தது. “இரைப்பையைத் தொடாமலே சோறு குடலுக்குப் போயிருக்கு. எந்த வழியாப் போச்சு?”

இருபத்தைந்து வருடம் குடலை வெட்டித் தைத்தவனுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. எடை குறைப்பதற்காகச் செய்யும் பைபாஸ். இரைப்பையின் மேல்பாகத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரித்து, குடலை மேலே தூக்கி அதோடு நேராகத் தைத்துவிடுவோம். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும். சோறு அந்தப் பக்கமே போகாது.

“ஆனா இதுல வெட்டே இல்லையே மேடம். உணவுக்குழாயும் இரைப்பையும் ஒழுங்கா சேர்ந்திருக்கு.”

“இதைப் படம்னு சொல்லாதீங்க. முக்கால்வாசி வரைஞ்சது. பத்துல ஒரு பங்கு கதிர்ல தெரிஞ்சது போக மீதியை எதை வச்சு நிரப்புது?”

“மத்தவங்க உடம்பை வச்சும், இவங்க நலக்கோப்பை வச்சும்.”

“கோப்புல ஆபரேஷனே இல்லைன்னா?”

கேட்டுக்கொண்டே அவர் இரண்டாவது திரையைத் திருப்பினார். நிரப்பி கை வைப்பதற்கு முந்திய கச்சாப் படம் அது. அதைத் திறக்கத் தனி அனுமதி வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அந்த அனுமதியைக் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரே ஆள் இவர்தான். தட்டில் ரவையைக் கொட்டிவிட்டது போல ஒரே புள்ளிமயம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“வரிசையா வெளிச்சமா ஒண்ணு தெரியுதா? மெதுவாப் பாருங்க.”

தெரிந்தது. பளிச்சென்ற சின்னப் புள்ளிகள், தையல் போட்டது போல் ஒரே கோட்டில். இரைப்பையைப் பிரித்து மூடும் உலோக ஸ்டேப்பிள்கள். நிரப்பியின் படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

“கோப்புப்படி இந்த வயித்துல உலோகம் இருக்க வாய்ப்பே இல்லை. அதனால தூசின்னு துடைச்சிருச்சு,” என்றார் ஜெயசீலி. “அது போகட்டும். இதைப் பாருங்க. குடலுக்கு வர்ற ரத்தக்குழாய் எல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சு வரோணும். இங்க கொண்டை போட்ட மாதிரி சுத்துது.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. பென்சிலால் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பிறகு திரையில் விரலால் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை. அப்போதுதான் அந்தச் சுழல் என் கண்ணுக்குப் பிடிபட்டது.

குடலைத் தூக்கித் தைக்கும்போது அதன் பின்னால் ஒரு சந்து உண்டாகும். உடம்பில் கொழுப்பு கரையக் கரைய அது அகலமாகும். கருப்பை வளர்ந்து கீழிருந்து தள்ளினால் குடல் அந்தச் சந்துக்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். வலி வரும், போகும், தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கும். ஒரு கட்டத்தில் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். பிறகு தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இந்தப் பெண்ணைத்தான் நான் மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினேன்.

“உடனே தியேட்டருக்குக் கொண்டு போகலாம்,” என்று எழுந்தேன். “அந்த அம்மாவை முதல்ல ஒரு வழி பண்றேன். காது குத்துனதோட சரியாம்.”

“எல்லார் முன்னாடியும் கேக்கப் போறீங்களா?”

“உசுரு போற நேரத்துல என்ன மேடம் ஒளிவு மறைவு?”

“பக்கத்தை மூடினது அந்தப் பொண்ணு. அவகிட்ட மட்டும்தான் கேக்கலாம். சட்டம் அப்படி. சட்டம் இல்லைன்னாலும் அதுதான் முறை,” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் நான் உட்கார்ந்துவிட்டேன்.

கதிர் படும், எல்லாரும் வெளியே இருங்கள் என்று குடும்பத்தை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிரகதியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆபரேஷன் செய்துகொண்டாயா என்று அவர் கேட்கவில்லை.

“எந்த வருஷம் பண்ணினது கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. “கோப்புல இல்லையே மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ சாப்பிட்ட சோறு காட்டிக் குடுத்துருச்சு.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன் நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தாளாம். பார்க்க வந்த மூன்று வரன்களும் போய்ச் சொல்கிறோம் என்று போனார்கள். அம்மா கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தார். ஆபரேஷன், தழும்பை அழிப்பது, பக்கத்தை மூடுவது மூன்றையும் சேர்த்தே அங்கே செய்துகொடுத்தார்கள். தருண் வீட்டுக்குப் போன கோப்பில் ஒரு குறையும் இல்லை.

“அத்தை அதை மூணு தடவை படிச்சாங்க மேடம். நான் எதிர்லயே உக்காந்திருந்தேன்.”

“இவ்வளவு சாப்பிடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?” என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

“தெரியுங்க சார். பதினாலு பேர் ஊட்டுனாங்க. நாலாவது ஆளோடயே முடியலை. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. நான் எப்பவும் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன், அதையே கேட்டுட்டுத்தான் இருக்காங்க.” வளையல் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலி மறுபடி தொடங்கியிருந்தது. “இது தெரிஞ்சா என்னை எங்க வீட்டுக்கே அனுப்பிச்சிருவாங்க.”

“நாங்க யாருக்கும் சொல்லமாட்டோம்,” என்றார் ஜெயசீலி. “குடல் முறுக்கிக்கிச்சு, சரி பண்ணினோம்னு சொல்லுவோம். அது பொய்யும் இல்லை. கையெழுத்தைப் போடு கண்ணு. உன் வயிறு, நீதான் போடோணும்.”

அவள் போட்டாள்.

மூன்றரை மணிக்கு வயிற்றைத் திறந்தேன். ஜெயசீலி பென்சிலால் வரைந்த தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தேன். பிரசவ மருத்துவர் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணிக்கொண்டே நின்றார். சந்து அங்கேதான் இருந்தது. அதற்குள் இரண்டு முழம் குடல் நுழைந்து, அவர் காட்டிய அதே திசையில் சுற்றி, கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. அவர் போட்ட கோட்டுக்கும் உள்ளே கிடந்ததற்கும் விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. குடலை வெளியே இழுத்து முறுக்கைப் பிரித்து, வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் ஒரு ஓரம் சிவந்தது. இருபது நிமிடத்தில் எல்லாம் சிவந்துவிட்டது. ஒரு அங்குலம்கூட வெட்டவேண்டியிருக்கவில்லை. சந்தைத் தைத்து மூடினேன்.

திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயசீலி நின்றுகொண்டிருந்தார். அவர் தியேட்டர் பக்கம் வந்தே நான் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரமும் நின்றிருக்கிறார், அந்த முழங்காலோடு. நான் கட்டை விரலைக் காட்டினேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் தொழிலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பது ஊரறிந்தது. அன்று அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று ஒரு இயந்திரம் சொன்னபிறகும், ஒரு பருக்கைச் சோற்றைத் தேடின அந்த மனுஷியின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிடவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா மேடம் என்று கேட்டேன். இல்லை என்றார்.

பிரகதிக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினோம். குடல் முறுக்கு, சரி செய்தாகிவிட்டது, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று மட்டும் வீட்டாரிடம் சொன்னோம். தருண் அழுதான். மாமியார் சுகன்யா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது அழுத்தமாகத்தான் பட்டது. கோப்பை மூன்று தடவை படித்த மனுஷிக்கு ஒரு வார்த்தை விசாரிக்கக்கூடத் தோன்றவில்லையே என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மறுநாள் காலை ஜெயசீலி பிரகதியிடம் தனியாகப் பேசினார். நானும் இருந்தேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பிரசவம் இருக்கிறது, பிறகும் காலம் இருக்கிறது. எந்த ஊரில் எந்த ஸ்கேனில் படுத்தாலும் நிரப்பி மறுபடியும் முழு இரைப்பையைத்தான் வரையும். மூடிய பக்கத்தைத் திறந்தால் வரையாது. திறக்க அவளே விண்ணப்பம் போடவேண்டும், ஒரு மருத்துவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் திறந்தால், கோப்பைப் பார்க்க அனுமதி உள்ள குடும்பத்தார் எல்லாருக்கும் அது தெரியும்.

பிரகதி போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். “மூடினது மூடினதாவே இருக்கட்டும் மேடம்,” என்றாள்.

“சரி கண்ணு,” என்று ஜெயசீலி எழுந்துவிட்டார்.

நடைபாதையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “சரின்னா எப்படி மேடம்? அடுத்த தடவை வேற ஊர்ல வலி வந்தா? அங்க நீங்க இருப்பீங்களா?”

“இருக்க மாட்டேன்.”

“அப்ப செத்துப்போகட்டும்னு விடறீங்களா?”

“நேத்து அவ என்னை நம்பி வாயைத் திறந்தா. இன்னைக்கு மிரட்டினா, அடுத்த தடவை வலி வந்தா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டா,” என்றார். சொல்லிவிட்டுப் பிரகதியின் அறைக் கதவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கவலை இல்லாமல் சரி சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே இயந்திரத்தைச் செய்த நிறுவனத்துக்குப் பத்துப் பக்கம் எழுதினார். கச்சாப் படமும் நிரப்பிய படமும் ஒத்துப்போகாத இடத்தில் நிரப்பாமல் வெற்றிடமாக விடவேண்டும் என்று கேட்டிருந்தார். நிரப்பி கோப்பின்படி சரியாகவே இயங்கியுள்ளது என்று மூன்று வரியில் பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சுகன்யா தனியாக என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஐம்பத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த நடை. என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று நான் தயாராக உட்கார்ந்தேன்.

“மருமகளைப் பத்திக் கேக்க வரலீங்க டாக்டர்,” என்றார். “எனக்கு ரெண்டு வருஷமா இடது பக்கம் வலி. சாப்பிட்டா வருது, தானாப் போயிருது. மூணு எடத்துல ஸ்கேன் எடுத்துட்டேன். எல்லாம் சுத்தமா இருக்குன்னுட்டாங்க.”

“ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்குங்களா?”

“கோப்புல இல்லீங்க.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“எடை குறைக்க, இருபத்தி மூணு வயசுல பண்ணினது. கல்யாணத்துக்கு ஒம்பது மாசம் முன்னாடி. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதுங்க. பக்கத்தை மூடலாம்னு சட்டம் வந்துச்சில்ல, மொத வாரமே மூடிட்டேன்.” மடியில் இருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினார். “பிரகதியோட கோப்பை மூணு தடவை படிச்சேங்க. ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. என்னோடது மாதிரியே.”

எனக்கு எதுவும் சொல்ல அனுமதி இல்லை.

“நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாங்க. எனக்கு அப்பவே சந்தேகந்தான். கேக்கலை. அவளைக் கேட்டா, என்னை யாராவது கேப்பாங்களோன்னு பயம். அன்னைக்கு ஒவ்வொருத்தரா ஊட்டும்போது அவ முழுங்குறதைப் பார்த்துட்டே நின்னேன். போதும் விடுங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமியார் சொன்னா யாரும் ஊட்டமாட்டாங்க. சொல்லாம நின்னேன் டாக்டர்.” கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த அம்மாளை நான் மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. எழுந்து, வாங்க என்று ஜெயசீலியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜெயசீலி எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். அங்கேயே படம் எடுத்தார். நிரப்பியின் படத்தைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, கச்சாப் படத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி, ஒரு பள்ளித் தோழிக்குச் சொல்வது போலச் சொன்னார். “உங்க வலி நெசம்தாங்க. சந்துல கொஞ்சம் குடல் போய்ப் போய் வருது. அவசரம் இல்லை, ஆனா விடவும் கூடாது. அடுத்த மாசத்துக்குள்ள குமரவேல் சார் தைச்சிருவாரு.”

“ரெண்டு வருஷமா எல்லாரும் மனப்பிராந்தின்னு சொன்னாங்க,” என்றார் சுகன்யா. பிறகு, “பக்கத்தைத் திறந்தா வீட்டுல எல்லாரும் பார்ப்பாங்களா?” என்று கேட்டார்.

“பார்ப்பாங்க.”

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு பிரகதியின் அறைக்குப் போனார். தருணையும் சம்பந்தியையும் காபி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவை ஜெயசீலி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் ஒரு மணிக்கு என் திரையில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள் நின்றன. இரண்டும் மூடிய பக்கத்தைத் திறப்பதற்கு. இரண்டுக்கும் இடையில் நான்கு நிமிட இடைவெளி இருந்தது. மாமியாருடையதுதான் முதலில் வந்திருந்தது.